துணி மடிக்கும் வேலை

1

இந்தக் கதை எனக்கு இரும்புலியூரில் ஒரு டீக்கடையில் ஓசியில் கிடைத்தது. கொடுத்தவர் துரைராஜ். விமானப்படையில் கார்ப்பொரலாக இருந்துவிட்டு வெளியே வந்து, இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்று கடைக்காரர் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதறதுக்கு இன்னா தர்றாங்க சார்?"

"அவங்களா பாத்து எதாவது தருவாங்க."

"அப்ப நம்ம ஆளுதான்" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"எங்கள பாக்காமயே எவனோ டில்லில குந்திகினு எங்க சம்பளத்த முடிவு பண்றான்னு பொலம்பிகினு இருந்தோம் சார். அப்பால ஒரு தபா பாக்கவே வந்துட்டாங்க. அதான் பேஜாராப் பூட்ச்சு."

பார்க்காமல் தீர்மானிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, யாரையும் கோபப்படுத்தாமல் காசு வாங்கிவிடலாம். பார்த்துவிட்டுத் தீர்மானித்ததற்குக் கதைதான் எழுத வேண்டும். துரைராஜ் பாதி சொல்லியிருந்தபோது பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஆகவே பாதிக்கு அவர் பொறுப்பு. மீதிக்கு...

(மீதிக்கு நான் பொறுப்பு என்றுதான் எழுத வந்தேன். இப்போது அப்படிச் சொல்லத் தைரியமில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "பாரதத்தாயின் வான்வெளியைக் கண்ணிமையெனக் காக்கும் வீரர்தம் வியர்வைக்கு விலை பேசுவோர் யார்?"

அடித்துவிட்டேன். மேடையில் சோடா குடித்துவிட்டுப் பேச வேண்டிய வாக்கியம்.

இரண்டாவது முயற்சி: "1995, ஏப்ரல். தாம்பரத்து வெயிலில் தார் ரோடு..."

தார் ரோடு உருகினால் நமக்கென்ன? கதை நடப்பது கூரைக்கு உள்ளே.

மூன்றாவது: "சார்ஜண்ட் வேதசிரோமணி மடித்த பாராசூட் எதுவும் இதுவரை விரியாமல் போனதில்லை."

இது நிற்கலாம். ஆள் வந்துவிட்டார். அவருக்கு நாற்பது வயது கொடுத்தேன், டீச்சரான சாராளை மனைவியாகக் கொடுத்தேன், லேசாக மூட்டுவலியும் கொடுத்தேன். அவரைக் கேட்கவில்லை. கதாபாத்திரத்தை யார் கேட்கிறார்கள்?

அவர் வேலை செய்யும் முகாமைத் தாம்பரத்தில் தேடாதீர்கள். நான் கட்டியது. ஒரு நீளமான கூடம். நடுவே நீளமான மேஜை. ஓரத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் ஒரு கோபுரம். குதித்தவர்கள் திருப்பிக் கொடுத்த பாராசூட்டுகளை ஈரம் போவதற்காக உச்சியைக் கட்டி அங்கே தொங்கவிடுவார்கள். வெள்ளை வெளேரென்று, கைகால் இல்லாத உடம்புகள் மாதிரி. கோபுரத்துக்கு ஜன்னல் வைக்க மறந்துவிட்டேன். காற்று வர வழியே இல்லை. ஆனாலும் அவை லேசாக அசைந்துகொண்டிருந்தன.

3

விஷயம் இது. டில்லியிலிருந்து சம்பள நிர்ணயக் குழு ஒன்று வருகிறது. (குழுவும் என் கற்பனைதான், நிஜக் குழு எதுவும் என் மேல் கேஸ் போட வேண்டாம்.) ஒவ்வொரு தொழிலையும் நேரில் பார்த்து மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா என்று குறித்துக்கொண்டு போகும். பாராசூட் மடிப்பவர்கள் அதுவரை கீழ்ப் பிரிவில் இருந்தார்கள். இந்த முறை தவறினால் அடுத்த குழு வரப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் வேதசிரோமணி கீழ்ப் பிரிவுப் பென்ஷனோடு ஏதாவது ஒரு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்.

முகாம் வேலிக்கு வெளியே ரயில்வேக்காரர்கள் சம்பளம் போதவில்லை என்றால் கொடி பிடித்து நாலு கோஷம் போடலாம். வேலிக்கு உள்ளே அது கலகம். ஒருவன் தன் குறையைத் தனியாகச் சொல்லலாம். நாலு பேர் சேர்ந்து ஒரே குறையைச் சொன்னால் குறை மறைந்து குற்றம் ஆகிவிடும். ஆகவே வேதசிரோமணிக்கு இருந்த ஒரே வாய் இந்தப் பார்வையிடல்தான்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் படையில் என்ன செய்வார்கள்? கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடித்தார்கள். மேஜைக்குப் பாலிஷ் போட்டார்கள். செக்‌ஷனுக்குப் பொறுப்பான ஸ்குவாட்ரன் லீடர் ஒத்திகை வைத்தார். சிக்கில்லாத, கிழிசல் இல்லாத புத்தம் புது பாராசூட் ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்து, வேதசிரோமணியும் துரைராஜும் வாரம் முழுக்க அதையே மடித்தார்கள், பிரித்தார்கள், மடித்தார்கள்.

"அண்ணா, நெசமா மடிக்கச்சொல்ல இவ்ளோ வேகமா மடிக்க மாட்டமே" என்றார் துரைராஜ்.

"ஸ்மார்ட்டா இருக்கணும்னு சொல்றாரு."

"ஸ்மார்ட்டா செஞ்சா ஈஸியா கீற மாரி தெரியும்ணா."

வேதசிரோமணி துணியைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அவருக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருஷச் சர்வீஸில் எந்த விருந்தாளி முன்னாலும் அவர் வியர்த்துக் காட்டியதில்லை. கஷ்டப்படுவது வெளியே தெரிந்தால் அவமானம் என்றுதான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

4

குழுவிலிருந்து ஒருவர் மட்டும் வந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், அந்த மந்தமான நேரத்தில். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நான் முகம் எழுதவில்லை. சம்பளம் தீர்மானிக்கிறவர் முகத்தை எவன் பார்த்தான் என்று ஒரு கிண்டலுக்காக விட்டேன். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் வைத்தேன்.

சார்ஜண்டும் கார்ப்பொரலும் மடித்தார்கள். கயிறு ஒருமுறைகூடச் சிக்கவில்லை. துணி தண்ணீர் மாதிரி மடிந்தது. குழுக்காரர் கையில் டீ ஆறுவதற்குள் பையை மூடி, பூட்டும் பின்னைச் செருகி நூல் கட்டிவிட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். "துணி மடிக்கிறதுதானே." (ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் கதையில் எல்லாருக்கும் தமிழ் வரும்.)

ஸ்குவாட்ரன் லீடர் பெருமையாகத் தலையாட்டினார்.

"இந்த வேலையில எதாவது கஷ்டம் இருக்கா?"

சொல்ல வேண்டிய கணம் இதுதான். வேதசிரோமணி வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்திலிருந்து இடி மாதிரி ஒரு குரல்:

"நோ பிராப்ளம் சார்!"

துரைராஜ்தான். குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி. மேலே இருப்பவர்கள் எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில். ("வாய் தானா சொல்லிச்சு சார். மூளைக்கு அப்பாலதான் தெரிஞ்சுது" என்றார் டீக்கடையில். இந்த இடத்தில்தான் பஸ் வந்தது.)

5

முடிவு அ: குழுக்காரர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு மேல் பிரிவு கொடுத்தார்.

என் மனைவி பட்டு படித்துவிட்டு, "கொழந்தைங்க பத்திரிகைக்கா?" என்றாள்.

முடிவு ஆ: வேதசிரோமணி ஒரு கயிற்றை வேண்டுமென்றே முறுக்கி வைத்தார். மறுநாள் ஆசைக்கு ஒரு சுற்று பறந்து பார்க்க, அதே பாராசூட்டை முதுகில் மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏறிய குழுக்காரர்...

இதை ரசித்து எழுதினேன். எழுதிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாக்கியம் இப்படி இருந்தது: "வேதசிரோமணி முறுக்கிய கயிற்றைப் பார்த்தார். நேராக்கினார்."

என் கையெழுத்துதான். நான் எழுதவில்லை. பட்டுவைக் கேட்டேன். "உங்க கதையைத் திருத்தறதுக்கு எனக்கு யாரு சம்பளம் குடுக்கறா?" என்றாள்.

முடிவு இ: கீழ்ப் பிரிவு. நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். எழுதினேன்: "குழுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்."

அவர் எழவில்லை.

6

ஏனென்றால் வேதசிரோமணி பின்னை உருவிவிட்டார். மடித்து வைத்த பாராசூட் மேஜை மேல் சரிந்து விரிந்தது.

"இது புதுசு சார். இதைப் போட்டு யாரும் குதிச்சதில்லை" என்றார், தணிந்த குரலில். கோபுரத்தடிக்குப் போய், தொங்கியவற்றில் ஒன்றை இறக்கினார். பழையது. முள் கிழித்த இடமும் தைத்த இடமும் ஏதோ கறையும் இருந்தன.

"சார்ஜண்ட்!" என்றார் ஸ்குவாட்ரன் லீடர்.

"கஷ்டம் இருக்கான்னு கேட்டாங்க. பதில் சொல்றேன் சார். நான் தனியாத்தான் சொல்றேன்."

துரைராஜ் மறுமுனையைப் பிடிக்க ஓடி வந்தார்.

"வேணாம் துரை. ரெண்டு பேர் சேந்தா கேஸ் ஆயிடும்."

துரைராஜ் சுவரோரமாகப் போய் நின்றார்.

வேதசிரோமணி நிஜமாக மடிக்கிற விதத்தில் மடிக்க ஆரம்பித்தார். துணியின் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு கயிற்றையும் விரல்களுக்கு இடையே விட்டு நுனிவரை உருவினார். சந்தேகம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினார். இதை மாட்டிக்கொண்டு விழப்போகிறவன் யாரென்று அவருக்குத் தெரியாது. கைக்குத் தெரியும் போலிருந்தது. டீயில் ஆடை படிந்தது. வெளியே காத்திருந்த ஜீப்பின் என்ஜின் நின்றது. வெயில் தரையில் விழுந்த இடத்திலேயே கிடந்தது, நகரவில்லை. கோபுரத்தில் தொங்கிய மற்ற பாராசூட்டுகள் மெதுவாக, ஒரே பக்கமாக, மேஜையை நோக்கித் திரும்பின.

நான் எழுதினேன்: "கடைசியில் மடித்து முடித்தார்."

திருப்பிப் படித்தேன்: "கடைசி மடிப்பில் ஒரு சந்தேகம் வந்தது. பிரித்தார்."

மறுபடி எழுதினேன். மறுபடி பிரித்தார். முடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். குழுக்காரர் குறித்துக்கொண்டு எழுந்து போவார். பத்து வருஷத்துக்குக் கதவு சாத்தப்படும். மடித்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் தீர்மானமாகாது. நடுநடுவே நிமிர்ந்து, நாற்காலிக்காரருக்குப் புரிந்ததா என்று பார்க்கிறார். பார்க்க அங்கே முகமில்லை. கண்ணாடி இருக்கிறது, அதில் வெள்ளைத் துணி அசைகிறது.

அவசர அவசரமாக அவருக்கு ஒரு முகம் எழுதப் பார்த்தேன். கைக்கு வந்தது என் முகம். அடித்துவிட்டேன்.

7

நேற்றிலிருந்து வேதசிரோமணி நாற்காலியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தாளை விட்டு வெளியே பார்க்கிறார், என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. உங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துதான் பார்த்தீர்கள். மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எனக்கு அதிகாரம் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் அவர் வாங்கிக்கொண்டார். சொல்லும்வரை அந்த மத்தியானம் சாயாது, அந்தக் கை ஓயாது, அவர் வீடு திரும்புவதற்காகச் சாராள் வாசலில் நின்றுகொண்டே இருப்பாள்.

சீக்கிரம். கடைசிக் கயிற்றை உருவிக்கொண்டிருக்கிறார். நுனிக்கு வந்துவிட்டார்.

நிமிர்கிறார்.