கட்டிப் போட்ட கைகள்

என் வீட்டுக்காரரைச் சங்கத்தில் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேட்காதவர்கள் சங்கத்தில் ஒருவருக்கு அந்தப் பெயர் வந்தால் அவர் எவ்வளவு பேசுவார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் காது கேட்காது. சோபா செய்கிற பட்டறையில் இருவருக்கும் வேலை. நான் உறை தைப்பேன், அவர் மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடிப்பார். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கதை அளப்பார். வீட்டில் சண்டை முற்றினால் நான் விளக்கை அணைத்துவிடுவேன், இருட்டில் எங்களுக்குப் பேச்சு கிடையாது. அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நேற்று பட்டறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? அதற்குள் கதவு சாத்திவிட்டது.

டாக்டர் பேசியதெல்லாம் என் நாத்தனாரிடம். என் வீட்டுக்காரரின் தங்கை, காது கேட்கும். தங்கமான பெண்தான், ஆனால் கைப்பேச்சில் சாப்பிடு, தூங்கு, வா என்பதைத் தாண்டி அதிகம் தெரியாது. டாக்டர் நீளமாகப் பேசுவார், இவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். என் பக்கம் திரும்பி, நல்லா இருக்கார், அப்புறம் சொல்றேன் என்று முடித்துவிடுவாள். இந்த அப்புறத்துக்காகச் சின்ன வயதிலிருந்தே காத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்து சேர்ந்தபாடில்லை. எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், உதட்டைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. நர்ஸிடம் பேனாவை நீட்டிக் கெஞ்சியதில், குடலில் ஓட்டை, ஆபரேஷன் முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை கண்ணாடி வழியாகத்தான் அவரைப் பார்க்க விட்டார்கள். முகத்தில் பாதியை மூடி ஆக்ஸிஜன், மூக்கில் ஒரு குழாய். இரண்டு மணிக்கட்டையும் பட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம், அவர் நல்லதுக்குத்தான் கட்டியிருக்கிறதாம். நாத்தனார் அரைகுறை ஜாடையில் சொன்னாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் விரல்கள் துடித்தன. ஏதோ கேட்கிறார். ஆனால் எங்கள் பேச்சு விரலில் மட்டுமா இருக்கிறது? கை நெஞ்சுக்குப் போகிறதா, நெற்றிக்குப் போகிறதா, முகம் எப்படி இருக்கிறது, எல்லாம் சேர்ந்தால்தான் வார்த்தை. குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நானாவது அவருக்குச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எதிரில் இருக்கும்போது அவர் தானாகக் கண்ணை மூடியதே கிடையாது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். மணிக்கணக்காகப் பேசித் தலைவலி கொடுக்கும் அந்தக் கைகளுக்காக ஏங்கினேன். கட்டை அவிழ்க்கச் சொல்லு என்று நாத்தனாரைப் பிடித்து உலுக்கினேன். அவள் தன் மாஸ்கை இறக்கி, நான் உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"நாளைக்கு அவுத்துடுவாங்க அண்ணி. பிரச்சினை பண்ணாதீங்க."

பிரச்சினை பண்ணுவது என்று முடிவு செய்தேன். சங்கத்து மொழிபெயர்ப்பாளரை வீடியோ காலில் பிடித்தேன். டாக்டர் வெளியே வந்ததும் குறுக்கே போய் நின்று, போனை நாத்தனார் கையில் கொடுத்து உயரமாகப் பிடிக்கச் சொன்னேன். இனி டாக்டர் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் கை வழியாக நேராக எனக்கு, நான் சொல்வது அவர் வாய் வழியாக நேராக டாக்டருக்கு. குழாய் போனால் உயிருக்கே ஆபத்து, உங்கள் வீட்டுக்காரர் முரண்டு பிடிக்கிறார் என்றார் டாக்டர்.

"உங்க வாயில துணிய அடைச்சிட்டு எங்க வலிக்குதுன்னு கேட்டா, நீங்க முரண்டு பிடிக்க மாட்டீங்களா?" என்றேன்.

நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் தொண்டையிலிருந்தும் சத்தம் வந்திருக்கிறது போல. டாக்டர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பிறகு, ஆபரேஷன் நடந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"யார் சொன்னாங்க? எனக்கே எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரியும்."

டாக்டர் எங்களை உள்ளே கூட்டிப் போனார். என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டு எழுப்பினேன். குடலில் ஓட்டை, தைத்துவிட்டார்கள், மூக்கில் இருக்கிற குழாயைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட மாட்டீர்களே என்று கேட்டேன். தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். டாக்டர் கண்ணைக் காட்ட, நர்ஸ் முதலில் வலது கையை அவிழ்த்துவிட்டு, இடது கைக்குப் போனார்.

வலது கை மெல்ல எழுந்தது. மணிக்கட்டில் பட்டையின் தடம் சிவந்திருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்ததை அப்படியே சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை. போனில் அவர் வாய் அசைந்தது. இடது கைக் கட்டின் மேல் நர்ஸின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. நாத்தனார் அழுதாள், போன் ஆடியது.

ஒரு தப்பும் இல்லை என்றேன். மறுபடி மறுபடி அதையே சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, கேள்விகள் வரத் தொடங்கின. வயிற்றில் எந்தப் பக்கம், யார் அறுத்தது, நீ ஏன் வரவில்லை, எங்கே போயிருந்தாய். ஒற்றைக் கையால், தட்டுத் தடுமாறி.

அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்படித் தவித்தேன். பிடித்தால் அவரால் பேச முடியாது. என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.