பிளா எறிகிறவனின் படம்

கனகரட்ணத்துக்குக் கோபம் வந்தால் தூரிகையை வாயில் கடித்துக்கொள்வான். முப்பத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம் அவன் கடித்த கடியில் இரண்டு தூரிகைகளின் காம்பு போயிற்று.

ஆடி அமாவாசைக்குச் சனம் நாலா பக்கத்திலிருந்தும் கால்நடையாகக் கீரிமலைக் கடலில் தீர்த்தமாடப் போகும். போன வருஷம் வழியெல்லாம் குப்பை, கேணியெல்லாம் அழுக்கு, கடலில் ஒரு சாவு. இந்த வருஷம் வழிநடைச் சனத்துக்குப் புத்தி சொல்லப் படங்கள் கீறித் தொங்கவிடுவது என்று சண்டிலிப்பாய் ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார் தியாகலிங்கத்தார் முடிவு செய்தார். ஊரில் படம் கீறத் தெரிந்தவன் கனகரட்ணம் ஒருவன்தான். பண்டத்தரிப்பில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சித்திர ஆசிரியர் பயிற்சிக்கு எடுபட்டும் இருந்தான். ஊர் விதானையின் நற்சாட்சிப் பத்திரம் ஒன்றுதான் குறை. அது கிடைக்காவிட்டால், செத்துப்போன தகப்பனைப் போல அவனும் மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்தே காலம் தள்ளவேண்டும்.

“படம் முடியட்டும் கனகன், பத்திரம் தாறன்” என்றார் விதானையார். கனகரட்ணம் என்று முழுப்பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வராது.

நாலு படங்களை ஆசைஆசையாகத்தான் கீறினான். வெயில் ஏறமுன் நடந்துவிடு என்று ஒன்று. கேணிக்குள் துணி தோய்க்காதே என்று ஒன்று. ஊன்றி நடக்கத் தடி வேண்டுமென்று வேலிக் கதியால் கம்பை முறிக்காதே என்று இன்னொன்று. நாலாவதில் வெறும் கடல். அதில் ஒரு சால்வை மட்டும் மிதக்கும். எல்லைக் கல்லுக்கு அப்பால் இறங்காதே என்று கீழே எழுதியிருந்தான். அதைப் பார்த்து விதானையார் வீட்டுப் பெண்களே கண்ணைத் துடைத்தார்கள்.

ஐந்தாவதில்தான் வந்தது வினை.

“பிளா எறியிறவனைக் கீறு” என்றார் விதானையார். “போன முறை ஒழுங்கை முழுக்கப் பிளா. எறியிறவன் ஆரெண்டு பாத்த உடனை விளங்கவேணும். நல்ல கறுப்பாக் கீறு. கோவணத்தோடை கீறு. உங்கடை ஆக்கள்தானே, உனக்குச் சொல்லித் தரவேணுமே!”

பிளா என்பது பனையோலையை மடித்துச் செய்யும் குடிகலம். விதானையாரின் தண்ணீர்ப்பந்தலில் உயர்சாதிக்காரருக்குப் பித்தளை மூக்குப்பேணியில் மோர் கொடுப்பார்கள். குடித்ததும் கழுவிக் கவிழ்ப்பார்கள். கனகரட்ணத்தின் சனத்துக்குப் பிளா. அவர்களுடைய வாய் பட்ட பேணியைப் பிறகு ஒருவரும் தொடமாட்டார்களாம். குடித்து முடித்த பிளாவை அவர்கள் என்ன செய்வது? பந்தலடியில் போட்டால் ஏச்சு. கையிலே பிடித்துக்கொண்டு கீரிமலை வரைக்கும் நடக்கலாமா? எறிவார்கள். எறியத்தானே கொடுத்தது! எறிகிற பாத்திரத்தைக் கையில் திணித்துவிட்டு, எறிகிறான் பார் என்று படமும் போடச் சொல்கிறார் மனுஷன், கொஞ்சமும் நாக் கூசாமல்.

“நயினார் சொன்னபடி கீறிக் குடு மோனை. பத்திரமெல்லே முக்கியம்” என்றாள் தாய்.

கீறிப் பார்த்தான். கோவணத்தோடு ஓர் ஆளைக் கீறினால் தகப்பனின் தோள்தான் வந்தது. மூன்று தரம் கிழித்தான். நாலாந்தரம், வருவது வரட்டும் என்று உள்ளதைக் கீறினான். பந்தல், பின்னால் பளபளவென்று அடுக்கிய பேணிகள், காதில் கடுக்கன் போட்ட பெரிய மனிதர் செம்பை எட்ட உயர்த்தி ஊற்றுகிறார், கீழே பிளா ஏந்திய கைகள், தரையெல்லாம் பிளா.

அடி விழும் என்று நினைத்துத்தான் கொண்டுபோய்க் காட்டினான். விதானையார் படத்தைப் பார்த்தார். தன் கடுக்கனைத் தடவினார். முகம் மலர்ந்தது.

“அட, என்னையல்லோ கீறியிருக்கிறாய்! தர்மம் செய்யிற கையைச் சனம் பாக்கட்டும். பந்தல் வாசலிலையே தூக்கு. பத்திரத்தை அமாவாசையண்டு எல்லாருக்கும் முன்னாலை தாறன்.”

அடித்திருந்தால்கூட ஆறியிருப்பான். செய்கிற அநியாயத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டியும், மனுஷன் அதில் தன் அழகைப் பார்க்கிறாரே! கனகரட்ணத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அமாவாசையன்று விடியற்காலையிலேயே ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். பந்தலைத் தாண்டிப் போன சனத்தின் பின்னாலேயே போய், ஒழுங்கையிலும் வேலியிலும் கிடந்த பிளா ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினான். பத்து மணிக்கெல்லாம் சாக்கு நிறைந்துவிட்டது. பந்தலுக்குத் திரும்பினான். தாயும் பிளா வரிசையில் நின்றாள்.

“வா கனகன்!” என்று விதானையார் மடித்த பத்திரத்தை உயர்த்திக் காட்டினார். “உவனுக்கும் ஒரு பிளா மோர் குடுங்கோ. கெட்டிக்காரன்.”

கனகரட்ணம் சாக்கைத் தூக்கி, பேணிகள் அடுக்கியிருந்த மேசைமேல் அப்படியே கவிழ்த்தான். மோர் புளித்த ஓலையும் மண்ணும் எறும்புமாகப் பித்தளையின் மேல் கொட்டின.

“இதுகளையும் கழுவி அடுக்குங்கோ ஐயா. எல்லாம் உங்கடை பந்தல் ஏனந்தான்.”

குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பேணியை மெல்லக் கீழே வைத்தார். விதானையாருக்கு அப்போதுதான் படம் விளங்கியது போலிருக்கிறது. வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முகம் கறுத்தது. கையிலிருந்த பத்திரத்தை நாலாகக் கிழித்து அவன் காலடியில் எறிந்தார்.

“போடா! போய்த் துலா மிதி!”

ஐயோ என்று தாய் ஓடிவந்து, அந்தத் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். ஒட்டவைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. கனகரட்ணம் அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினான்.

“விடணை அம்மா. எறிஞ்சவர் பொறுக்கட்டும்.”