ஆறாவது திரையில் வானம்

எட்டு டி.வி. பெட்டிகளையும் மாடிக்கு ஏற்றி முடிக்கப் பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. லிஃப்டில் வைத்தால் குலுங்கும் என்று எஞ்சினியர் சத்தியநாதன் சொல்லிவிட்டதால், சவுரிமுத்துவும் இரண்டு சுமைக்காரர்களும் அவற்றை ஒவ்வொன்றாக, பிள்ளைத்தாய்ச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது போல, மூன்று மாடி சுமந்தார்கள். கண்ட்ரோல் ரூம் சுவரில் பதினோரு வருஷமாக இருந்த பல்புப் பலகையும் சாவிப் பெட்டியும் வராந்தாவில் கிடந்தன. கரப்பான் பூச்சி ஒன்று பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வீடு போன திக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டிய கம்பெனி அது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் காகிதங்களை முந்நூறு பெண்கள் இரண்டு ஷிப்டாகக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புவார்கள். சவுரிமுத்துவின் வேலை மூன்றாம் மாடியில். காவலாளிகள் அரை மணிக்கொரு தரம் போன் செய்து எல்லாம் சரி என்பார்கள். அவனும் எல்லாம் சரி என்று எழுதிக்கொள்வான். பலகையில் அபாயப் பல்பு எரிந்தால் அந்த இடத்துக்கு ஓடுவான். மீதி நேரம் ஜன்னல் வழியே ஏரியைப் பார்ப்பான். தொண்ணூற்றாறாம் வருஷம் புது வாடிக்கையாளர் ஒருவர் வரப்போகிறார் என்றதும் இந்த நிம்மதி கம்பெனிக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மூலைக்கு மூலை கேமரா, எட்டுத் திரை, எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து வைக்க ஒரு பெட்டி, கதவுகளைக் கணக்குப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் என்று அறையே ஆள் மாறிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில நாள் சவுரிமுத்து சொக்கித்தான் போனான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். அரையிருட்டில் எட்டுப் பெட்டிகளும் சாம்பலும் நீலமுமாக மினுங்கின. அவற்றுக்குள் ஆட்கள் சத்தமே இல்லாமல் நடந்தார்கள், குளத்தின் அடியில் நடப்பதைப் போல. கேன்டீனில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு மட்டும் வந்து சேரவில்லை. கேட்டில் நாய் குரைத்தது, அதுவும் ஊமைக் குரைப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோகும். பகல் ஷிப்டு எப்போது முடிந்தது என்று தெரியாமல் எழுந்து, வெளியே வெயிலில் கண் கூச நிற்பான்.

ஆறாம் நம்பர் கேமராவுக்கு மட்டும் கழுத்துத் திரும்பும். கட்டடத்துப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே அது இருந்தது. மேசை மேலிருந்த சின்னக் கைப்பிடியைத் தள்ளினால் அது மதில் சுவரைப் பார்க்கும், இழுத்தால் தரையைப் பார்க்கும். மற்ற ஏழும் வைத்த இடத்தில் வைத்தபடிதான். திரும்புகிற கேமரா விலை ஜாஸ்தி என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதில்தான் அவன் தன் மனைவி ஞானம்மாளைப் பார்த்தான். அதே கம்பெனியில் கான்ட்ராக்டர் ஆளாக அவள் நாலு வருஷமாகக் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறாள். காலையில் இரும்புலியூரிலிருந்து ஒரே சைக்கிளில் வருவார்கள். கேட்டில் பிரிந்தால் சாயங்காலம்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் அவள் கம்பெனியில் வேலை செய்வதை அவன் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தாள், வாளிகளை வைத்தாள், நெஞ்சில் கையை அழுத்திக்கொண்டு தொட்டியின் அடியில் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். தலையைச் சுவரில் சாய்த்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். இருபது நிமிஷம் அப்படியே இருந்தாள். மறுநாளும் அதே நேரம், பதினொன்று ஐந்துக்கு. அதற்கு மறுநாளும்.

உடம்பு இப்படி இருப்பதை அவள் வீட்டில் மூச்சுவிட்டதில்லை. அது ஒரு பக்கம். புதுப் பதிவேட்டில் ‘உட்கார்ந்திருத்தல்’ என்று ஒரு பத்தி இருந்தது இன்னொரு பக்கம். முதல் வாரத்தில், எழுதுவதற்குக் கிடைத்ததே என்று, ‘கேமரா 3, செல்லம்மா, மாடிப்படி, 8 நிமிடம்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் அவனே எழுதியிருந்தான். நாலாம் நாள், ஞானம்மாளோடு கூட்டுகிற அந்தச் செல்லம்மாவைக் காணவில்லை. கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டான் என்றார்கள். அவளுக்குக் கால் வீக்கம் என்பது அவனுக்கு முன்னமே தெரியும். அதற்கென்று ஒரு பத்தி பதிவேட்டில் இல்லை.

செக்யூரிட்டி ஆபீசர் தனசிங்கிடம் பொதுப்படையாகக் கேட்டுப் பார்த்தான். கூட்டுகிற பொம்பளைகள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் என்ன சார் என்று. தனசிங் கெட்ட மனிதர் இல்லை. தோளில் தட்டிச் சொன்னார்: "அது கான்ட்ராக்ட் விஷயம், சவுரி. நம்ம வேலை பார்க்கறது மட்டும்தான்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், அவள் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"தண்ணித் தொட்டியாண்ட ஒரு கேமரா கீது மே. அங்க குந்தாத."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ பாத்தியா?"

"ஒரு வாரமா பாத்துகினு கீறேன். இன்னா ஒடம்புக்கு? வா, டாக்டராண்ட போலாம்."

"கிறிஸ்மஸ் போகட்டும்யா. இப்ப ஒரு நாள் லீவு போட்டா என் எடத்துல வேற ஆள் நிக்கும்."

அவள் டம்ளரை எடுத்து மறுபடியும் டீயை ஆற்றினாள். தான் பார்த்ததை அவள் அவமானமாக எடுத்துக்கொண்டாளோ என்று இராத்திரி முழுக்க அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு அவள் தொட்டிப் பக்கம் வந்தாள். உட்காரவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷன் இருக்கிறான் என்று தெரிந்து நிற்கிற நிற்பு அது. இருபது நிமிஷமும் அவள் நின்றாள். இருபது நிமிஷமும் அவன் பார்த்தான். அவளை நிற்க வைத்திருப்பது கான்ட்ராக்டரும் இல்லை, கம்பெனியும் இல்லை, தன்னுடைய இரண்டு கண்கள்தான் என்று தோன்றியபோது அவனுக்கு அழுகை வந்தது.

ஆகவே மறுநாள் அவள் வந்ததும் கைப்பிடியை மெல்லத் தள்ளினான். திரையில் தொட்டி இறங்கிப்போனது, மதில் இறங்கிப்போனது, பனைமரத்தின் தலை ஒன்று வந்தது, அதுவும் போய் வானம் மட்டும் நின்றது. ஐப்பசி மாசத்து வானம். மேகங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நகர்ந்தன. பருந்து ஒன்று வட்டமிட்டது. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று சத்தமில்லாமல் வந்து சாய்ந்து போனது.

சாயங்காலம் சைக்கிளில் வரும்போது விஷயத்தைச் சொன்னான். அவள் அவன் முதுகில் நெற்றியை முட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் உண்டாயிற்று. தொட்டிப் பக்கம் வந்ததும் அவள் துடைப்பத்தை ஒரு தடவை உயர்த்துவாள். அவன் கேமராவை மேலே ஏற்றிவிடுவான். இருபது நிமிஷம் வானம். பிறகு இறக்கினால் தொட்டியும் ஈரத் தரையும் இருக்கும், அவள் வேலைக்குப் போயிருப்பாள். பதிவேட்டில் ‘கேமரா 6, இயல்பு’ என்று எழுதுவான். இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று இரவுச் சோற்றின்போது அவள் கேட்பாள். கொக்குக் கூட்டம், யானை மாதிரி ஒரு மேகம் என்று அவன் சொல்வான். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இத்தனை பேசியதில்லை.

இப்படிப் பதினாறு நாள் நடந்தது.

பதினேழாம் நாள் அவள் துடைப்பத்தை உயர்த்தினாள், அவன் கேமராவை ஏற்றினான். ஐந்து நிமிஷம் போகவில்லை, கதவு திறந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாக இருந்த புது வாடிக்கையாளரின் ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள், கூடவே டைரக்டர், தனசிங், சத்தியநாதன். சவுரிமுத்து எழுந்து சல்யூட் அடித்தான். வந்தவர்கள் எட்டுத் திரையையும் பார்த்தார்கள். ஆறாவதில் ஒரு விமானம் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் அதைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தனசிங் மட்டும் சிரிக்கவில்லை.

"சவுரி, அதைக் கொஞ்சம் டவுன் பண்ணுங்க," என்றான் சத்தியநாதன், சிரித்த முகம் மாறாமல்.

கீழே இறக்கினால் திரை நிறைய ஞானம்மாள் உட்கார்ந்திருப்பாள். டைரக்டர் பார்ப்பார். செல்லம்மாவுக்கு நாலு நாள் ஆயிற்று. இவளுக்கு நாலு நிமிஷம்கூட ஆகாது.

"சிக்கிக்கிச்சு சார்," என்றான். கைப்பிடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

சத்தியநாதன் புத்திசாலி. வந்தவர்கள் முன்னால் கைப்பிடியோடு மல்லுக்கு நிற்காமல், கம்ப்யூட்டர் பக்கம் அவர்களைத் திருப்பிவிட்டான். இந்தக் காம்பவுண்டுக்குள் எங்கே எது நடந்தாலும் பத்தே விநாடியில் இந்த அறைக்குத் தெரிந்துவிடும் என்று இங்கிலீஷில் விளக்கினான். எந்தக் கதவை யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று காகிதத்தில் அடித்துக் காட்டினான். டைரக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினொன்றரை ஆயிற்று. அவள் எழுந்து போயிருப்பாள் என்று சவுரிமுத்து நினைத்தான். எழுந்திருந்தால் மூன்றாம் திரையில், மாடிப்படியில், வாளியோடு தெரிவாள். அவள் தெரியவில்லை. அப்படியானால் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள், அப்படியானால் இறக்கக்கூடாது. பன்னிரண்டு ஆயிற்று. ஏழு திரைகளிலும் தேடினான். எதிலும் அவள் இல்லை. இன்றைக்குக் கூடுதலாக அசந்துவிட்டாள் போலும், இறக்கவே கூடாது. கேமராக் கண்ணாடியில் தூறல் விழுந்து வானம் கலங்கியது. தொட்டித் திட்டின் மேல் தகரம் உண்டு, நனையமாட்டாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

பன்னிரண்டே கால் தாண்டி அவர்கள் சாப்பிடப் போனார்கள். கதவு சாத்துமுன் கைப்பிடியை இழுத்தான். வானம் மேலே ஏறிப் போயிற்று, பனை ஏறிற்று, மதில் ஏறிற்று. தகரத்துக்கு வெளியே, மழையில், ஞானம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். துடைப்பம் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. கேமராவைப் பார்த்து அதை உயர்த்தப் போனவள் மாதிரி ஒரு கை நீண்டிருந்தது.

உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் போயின. நெஞ்சில் முன்னமே கோளாறு, அங்கிருந்து ரத்தக்கட்டி தலைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். விழுந்த உடனே தூக்கி வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சவுரிமுத்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணால் மேலே, ஆஸ்பத்திரிக் கூரையைக் காட்டினாள். இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். கேமரா ஏன் மேலே போயிற்று, எத்தனை நாளாக, டேப்பில் எத்தனை மணி நேரம் வானம் இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். புது மெஷின் பழகிய ஆள் என்று தனசிங் பரிந்து பேசியதால் வேலை போகவில்லை. அந்த வேலை இல்லாமல் ஆஸ்பத்திரியும் இல்லை, அதனால் நன்றி சொன்னான். ஞானம்மாளின் இடத்துக்குக் கான்ட்ராக்டர் மூன்றாம் நாளே பொன்னியம்மாள் என்கிற பெண்ணை அனுப்பிவிட்டான்.

அடுத்த திங்கள்கிழமை சவுரிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்தான். ஆறாம் நம்பர் கேமராவின் கழுத்தை வெல்டிங் வைத்து இறுக்கியிருந்தார்கள். பதினொன்று ஐந்துக்குத் திரையில் ஒரு கொத்தனார் வந்தான். தொட்டித் திட்டின் மேல் ஈரச் சிமெண்டை அப்பினான். பிறகு கருங்கல் சில்லுகளைக் கூர்முனை மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாகப் பதித்தான், யாரும் அங்கே உட்கார முடியாதபடி. பக்கத்தில் பொன்னியம்மாள் நின்றுகொண்டு, தன் வாளியிலிருந்து சில்லுகளை எடுத்துக் கொடுத்தாள்.

சவுரிமுத்துவின் கை கைப்பிடிக்குப் போயிற்று. தள்ளிப் பார்த்தான். படம் அசையவில்லை. பதிவேட்டை இழுத்து, அதே முத்து முத்தான கையெழுத்தில் ‘கேமரா 6, இயல்பு’ என்று எழுதினான். திரையில் பொன்னியம்மாள் சத்தமில்லாமல் இருமினாள், வாளியைக் கீழே வைத்தாள், சாய்ந்துகொள்ள இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள், மறுபடியும் நேராக நின்றாள்.