தம்பிக்கென்று வைத்த மெசின்

கராஜின் சீமெந்துத் தரையில் ஒரு மட்டையை விரித்து, அதில் மல்லாந்து படுத்தபடி சிவமலர் உழவு மெசினின் அடி நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். நட்டு அசைய மறுத்தது. ஸ்பனரை இரண்டு கையாலும் பிடித்து மூச்சை அடக்கி இழுத்தபோது சடக்கென்று விட்டுக்கொடுத்தது. கறுத்த ஒயில் முதலில் நூலாகவும் பிறகு கயிறாகவும் கீழே வைத்திருந்த பழைய தட்டத்துக்குள் இறங்கியது.

“வருதோ?”

கராஜுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து இராசலிங்கம் கேட்டார். அந்தக் குரலில் காற்றுத்தான் மிச்சம் இருந்தது. கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி அவர் அடம்பிடித்தபோது வெளிச்சத்துக்காகக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“ஓம், வருது.”

“கடைசிச் சொட்டும் வரட்டும். அவசரப்படாதையும்.”

காலையில் மருந்துப் பம்பை மாற்ற வந்த தாதி, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சிவமலரின் தோளில் கை வைத்து, “இன்றைக்கு, மிஞ்சினால் நாளைக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தாதி போன கையோடு இராசலிங்கம் போனைக் கேட்டார். கிழமைக்கணக்காக எதையுமே கேட்காத மனிதர். சிவமலர்தான் நம்பரை அழுத்திக் காதில் பிடித்தாள்.

“தபோ, ட்ரெய்லரைக் கொண்டு வா. மெசினை இண்டைக்கு ஏத்து. அது உனக்குத்தான். ஒரு மணி தாண்டி வா, அதுக்கு முதல் நான் நித்திரை.”

மறுபக்கத்தில் தம்பி தபோதரன் விம்மியது அவளுக்கும் கேட்டது. ஒரு வருஷமாக இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாகிற நேரத்திலாவது புத்தி வந்ததே என்று அவள் குசினிக்குப் போய்க் கண்ணைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது அவர் சொன்னார்: “தம்பிக்குக் குடுக்கிறதை வடிவாக் குடுக்கவேணும். ஒயிலை மாத்துவம். நீர் செய்யும், நான் சொல்லித் தாறன்.”

அந்த மெசினைக் கண்டுபிடித்தவர்கள் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் ரயில் பாதையோரத்துத் தோட்டக் காணிகளில் ஒன்றில், இடிந்து விழுந்த கொட்டிலுக்குக் கீழே, இருக்கையின் ஓட்டையால் ஒரு மரக்கன்று முளைத்தபடி கிடந்தது. நாலு சில்லு, ஒற்றைச் சிலிண்டர். ஒரு மாட்டுக் கன்றின் உயரம். ஐம்பதுகளில் பழத்தோட்டக்காரர்களுக்கென்று செய்த குட்டி உழவு மெசின். இரவல் ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, சுரங்கக்காரருக்காகக் கட்டிய அந்த வரிசை வீட்டின் கராஜுக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கார் மழையில்தான் நின்றது.

சனிக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. காபரேற்றரைச் சிவமலரின் சட்டியில் போட்டு அவித்தார்கள். கோர்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் மட்டையில் எஞ்சின் இடுக்கை அடைக்கும் காஸ்கெட் வெட்டினார்கள். கம்பனித் தகட்டைக் கழற்றியபோது அதன் கீழே வெயில் படாமல் ஒளிந்திருந்த பச்சையைக் கண்டுபிடித்து, அதே பச்சையில் பெயின்ற் கலக்கித் தரச்சொல்லிக் கடைக்காரனின் உயிரை வாங்கினார்கள். பிள்ளை இல்லாத வீடு. தபோதரனுக்கும் மனைவி பிரிந்து போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமைகளில் சிவமலர் மூன்று பேருக்குச் சமைத்தாள். அவர்கள் சாப்பிடும்போதும் மெசினைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

போன கோடையில், பழைய மெசின்காரர் கூடும் விழாவுக்குக் கொண்டுபோனார்கள். புல்வெளி நிறையச் சனம். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணவேண்டும். இராசலிங்கம் இழுத்தார். வரவில்லை. திரும்ப இழுத்தார், திரும்பவும். வியர்த்து, இருமி, சில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோய் அப்போதே நெஞ்சுக்குள் வந்திருக்கவேண்டும், யாருக்கும் தெரியாது. தபோதரன் “விடுங்கோ அண்ணை” என்று கயிற்றை வாங்கி ஒரே இழுவையில் ஸ்டார்ட் பண்ணினான். சனம் கை தட்டியது. அவன் சிரித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றிக் குனிந்தான்.

அடுத்த மாதமே, எங்கெங்கோ தேடி, ஒரு மின்சார ஸ்டார்ட்டர் வாங்கிவந்து பூட்டினான். “இனி நீங்கள் இழுக்கத் தேவையில்லை அண்ணை. திறப்பைத் திருப்பினால் சரி.” நல்லெண்ணத்தில் செய்தான் என்றுதான் சிவமலர் நம்பினாள். இராசலிங்கம் அந்தத் திறப்பைத் தொடவே இல்லை. தம்பி வரும் சனிக்கிழமைகளில் படுத்துக் கிடந்தார். பிறகு உண்மையாகவே படுத்துவிட்டார்.

சொட்டு நின்றதும் சிவமலர் நட்டைப் பூட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். அவருடைய மூச்சுக்கு வைத்த ஒட்சிசன் மெசின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

“புது ஒயில் சுவர்த்தட்டிலை இருக்கு. விடட்டோ?”

“இப்ப வேண்டாம். முதல் ஸ்டார்ட் பண்ணும். அடியிலை ஒட்டின கசடு சூட்டுக்கு இளகட்டும்.”

“ஒயில் இல்லாமலோ?”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மஞ்சள் பாய்ந்திருந்தாலும் கண்களில் தெளிவு குறையவில்லை.

“மெசினைப் பற்றி நீர் எனக்குச் சொல்லித் தரப்போறீரோ?”

அவள் நின்றாள். ஒயில் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணுகிறவனை மனிதக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டிருப்பாள். ஒயில் இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிச் செத்துவிடும். அவள் மெசின்காரி இல்லைதான். ஆனால் அந்த மனிதரோடு முப்பது வருஷத்துக்கு மேலே குடும்பம் நடத்தியவள். அவர் என்ன செய்யச் சொல்கிறார் என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. விளங்கவில்லை என்று வைத்துக்கொண்டால் திறப்பைத் திருப்பலாம் என்பதும் விளங்கியது. முப்பது வருஷமாக அவர் சொன்னதைச் செய்த கால்கள் கராஜை நோக்கி நடந்தன.

“நேரம் ஒண்டரையாகுது,” என்றாள் வாசலில் நின்று. “சனம் ஓய்வெடுக்கிற நேரம்.”

“பரவாயில்லை. பெற்றோலை முழுக்கக் குடும்.”

சத்தம் போடக்கூடாத மதிய ஓய்வு நேரத்தில் ஒரு ஆணியைக்கூட அடிக்காதவர் அவர். சிவமலர் திறப்பைத் திருப்பினாள். மெசின் உடனேயே பிடித்தது. பெற்றோல் கைப்பிடியை முழுக்க இழுத்துவிட்டு விலகி நின்றாள். புகை ஜன்னலுக்குள் போனது. உள்ளே அவர் இருமுவது கேட்டது, மூடச் சொல்லவில்லை. வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டு நோவாக் கிழவர் கோபத்தோடு எட்டிப் பார்த்தார். ஜன்னலையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

முதலில் வழமையான சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு தட்டல் சேர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டிக் கதவைத் திறக்கச் சொல்வதுபோல. தட்டல் நெருக்கமானது. எஞ்சினிலிருந்து பெயின்ற் வேகும் மணம் எழும்பியது. அவளுடைய கைக்கெட்டும் தூரத்தில்தான் திறப்பு இருந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் தபோதரனின் கார் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. அவன் காரை அப்படியே குறுக்கே விட்டுவிட்டு ஓடிவந்தான். சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் கை திறப்பைத் தொட, மெசின் ஒரு முறை கிறீச்சிட்டுத் தூக்கிப் போட்டதுபோல் குலுங்கி, தானாகவே நின்றது. அவன் பிறகும் திறப்பைத் திருப்பினான். திரும்பத் திரும்பத் திருப்பினான். உள்ளே எல்லாம் இறுகிப்போய்விட்டது.

தட்டத்தில் நிறைந்திருந்த ஒயிலைப் பார்த்தான். சுவர்த்தட்டில் திறக்காமல் இருந்த புது ஒயில் கலனைப் பார்த்தான்.

“அண்ணி, ஆர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னது?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“தெரிஞ்சோ செய்தனியள்?”

அவள் கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை. தபோதரன் எஞ்சினில் கையை வைத்தான். சுட்டிருக்கவேண்டும், எடுக்கச் சற்று நேரமானது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். பிறகு, ஏதோ கலியாண வீட்டுக்குள் நுழைகிறவன்போலத் தலைமயிரைக் கோதிக்கொண்டு உள்ளே போனான். சிவமலர் பின்னால் போனாள்.

இராசலிங்கம் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒரு செழிப்பு இருந்தது.

“வந்திட்டியோ. கேட்டியோ சத்தத்தை?”

“எந்தச் சத்தம்?” தபோதரன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தான்.

“மெசின்.”

“ஓம் அண்ணை, அண்ணி ஸ்டார்ட் பண்ணி வைச்சிருந்தா. ஒயில் விடாமல் போட்டிட்டா போல. நல்ல காலம், நேரத்துக்கு வந்திட்டன். நிப்பாட்டிப் போட்டன்.”

“இல்லை. இறுகினது. நான் கேட்டனான்.”

“எது, அந்தக் கிறீச்செண்ட சத்தமோ? அது ட்ரெய்லரின்ர பிரேக். கறள் பிடிச்சுப்போச்சு.” அவன் அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். “மெசினுக்கு ஒண்டும் இல்லை. கையாலை சுத்திப் பாத்தன், பூப்போலச் சுத்துது.”

இராசலிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு கண்கள் மெல்ல நகர்ந்து, கட்டிலின் காலடியில் நின்ற சிவமலரில் வந்து நின்றன.

“மலர். நீர் சொல்லும்.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுடைய நகக்கண்களில் ஒயில் கறுத்திருந்தது. தன்னை எதற்குப் பாவித்தார் என்று இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவள் செய்திருப்பாள். அதைக்கூட அவர் கேட்டுப் பார்க்கவில்லை.

“ட்ரெய்லர்தான் கத்தினது,” என்றாள்.

“போட்டுக் காட்டச் சொல்லும்.”

“இப்ப ஏலாது அண்ணை,” தபோதரன் மெதுவாகச் சொன்னான். “ஒண்டரை மணி. நோவாக் இப்பவே வேலிக்கு மேலாலை பாத்துக்கொண்டு நிக்கிறார். பின்னேரம் போட்டுக் காட்டிறன்.”

“இப்ப.”

“பின்னேரம். எங்கை ஓடப்போறியள்?”

இராசலிங்கம் கையை இழுக்கப் பார்த்தார். விரல்கள் மட்டும் அசைந்தன. தபோதரன் அதை இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டான். பஞ்சை நனைத்து அண்ணனின் உதட்டைத் துடைத்தான். தலையணையைச் சரிசெய்தான். எல்லாவற்றையும் ஒரு தாயைப்போலப் பார்த்துப் பார்த்துச் செய்தான். செய்துகொண்டே சொன்னான்:

“வாற கோடை விழாவுக்குக் கொண்டுபோவன் அண்ணை. அந்த ஸ்டார்ட்டரைக் கழட்டிப்போட்டுப் பழையபடி கயிறு பூட்டுறன். ஒரே இழுவை. எல்லாரும் பாக்கவேணும்.”

சிவமலர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் புல்வெளியில் நடந்தது அண்ணனை எங்கே குத்தியது என்று இவனுக்கு ஒரு வருஷமாகத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இராசலிங்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மூச்சு இழுக்கும், நிற்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப இழுக்கும். தபோதரன் கதிரையை விட்டு அசையவில்லை.

அவள் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தாள். இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு, வழக்கம்போல மூன்றாவதை எடுத்ததை உணர்ந்து திரும்ப வைத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது தபோதரன் வாங்கிக் குடித்தான். அவளும் வாசல் நிலையில் சாய்ந்து நின்று குடித்தாள். அடியில் சீனி கரையாமல் கிடந்தது. அதைக் கரண்டியால் கலக்கிவிட்டு நிமிர்ந்தபோது அறைக்குள் ஒட்சிசன் மெசினின் சத்தம் மட்டும் கேட்டது. சற்று நேரம் இருவரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார்கள்.

தபோதரன் எழும்பி ஒட்சிசன் மெசினை நிப்பாட்டினான். பிறகு கட்டிலின் விளிம்பில் நெற்றியை வைத்து, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளைபோல அழுதான். “அண்ணை, அண்ணை” என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அந்த அழுகையில் பொய் இருக்கவில்லை. சிவமலர் அவனுடைய முதுகைத் தடவப்போன கையை எடுத்துக்கொண்டாள். குனிந்து கணவரின் கண்களை மூடினாள். இடது கண் மூட மறுத்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கவேண்டியிருந்தது.

டொக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் சாயும்போது, உடலை எடுத்துப்போகிறவர்களின் கறுத்த வாகனம் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. உள்ளே வர வழியில்லை. தபோதரனின் காரும் ட்ரெய்லரும் இன்னும் குறுக்கேதான் நின்றன.

கறுத்த உடுப்பில் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் நரைத்தவர், மற்றவர் நடுவயது. நரைத்தவர் சிவமலரின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். அவசரமில்லை, பொறுமையாகக் காரை எடுங்கள் என்றார்.

தபோதரன் காரில் ஏறி ட்ரெய்லரைக் கராஜ் வாசலுக்கு நேரே பின்னால் எடுத்தான். இறங்கிப் பலகைகளைச் சாய்த்தான்.

“இப்பவோ கொண்டுபோகப் போறீர்?” என்று சிவமலர் கேட்டாள்.

“அவர் எனக்குத்தானே தந்தவர், அண்ணி.”

கியரைத் தளர்த்திவிட்டுத் தனியாகத் தள்ளினான். முன் சில்லுகள் பலகையில் ஏறி, பாரம் தாங்காமல் திரும்ப உருண்டன. சிவமலர் போய் மற்றப் பக்கம் பிடித்தாள். அப்போதும் ஏறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நரைத்தவர், மேற்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்தார். மற்றவரும் வந்தார். நாலு பேரும் சேர்ந்து தள்ள மெசின் ஏறியது.

தபோதரன் பட்டி போட்டு இறுக்கத் தொடங்கினான். நரைத்தவர் பச்சை முகப்பைத் தட்டிக்கொடுத்தார். கையால் வடிவமைத்த பதக்கத்தைப் பார்ப்பதுபோல விளக்குகளையும் இருக்கையையும் சுற்றிப் பார்த்தார். தன் மாமாவிடம் இப்படி ஒன்று நின்றதாம்.

“இது ஓடுமா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

தபோதரன் குனிந்தபடி பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்கியதையே மீண்டும் இறுக்கினான்.

“ஓடும்,” என்றாள் சிவமலர்.

நரைத்தவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். மேற்சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, வாசல் கால்மிதியில் சப்பாத்தை இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.