ரேடிஷ் பொய் சொல்லமாட்டான்

பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்குப் பூரணத்தை நடுவில் வைத்து மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள் வெர்னா. அவள் முழங்காலில் இரண்டு முன்னங்கால்கள் வந்து விழுந்தன. குனிந்து பார்த்தாள். ரேடிஷ். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் கிடக்கிற, எந்தச் சாதி என்று யாராலும் சொல்ல முடியாத பழுப்பு நிறக் குட்டை நாய். "எங்கடா?" என்று மாவுக் கையாலேயே சைகையில் கேட்டாள். அவன் திரும்பி ஓடினான். நடைபாதையில் கோட்டு மாட்டுகிற அலமாரியின் கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டு, கதவை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தான்.

மறுபடியும் இந்தக் கதவா! வெர்னாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. திறந்து பார்த்தாள். கோட்டுகள், குடைகள், தூசு உறிஞ்சும் இயந்திரம், மேல்தட்டில் செத்துப்போன புருஷன் லெனர்ட் தூக்கிப்போடாமல் சேர்த்து வைத்த அட்டைப்பெட்டிகள். உள்ளங்கையைக் கதவில் பதித்துப் பார்த்தாள், சுவரில் பதித்துப் பார்த்தாள். அதிர்வே இல்லை. எலியாக இருக்குமோ என்று நினைத்து முன்வாரமே பொறி வைத்துப் பார்த்தாயிற்று. பொறியில் வைத்த பாலாடைக்கட்டி காய்ந்ததுதான் மிச்சம். அவள் ரேடிஷின் மூக்குக்கு நேரே குனிந்து, ஆட்காட்டி விரலை மோவாயின் குறுக்கே இழுத்துக் காட்டினாள். பொய். அவன் மடிந்த காதோடு நிமிர்ந்த காதையும் மடித்துக்கொண்டான்.

பிறந்ததிலிருந்தே வெர்னாவுக்குக் காது கேட்காது. லெனர்டுக்கும் அப்படித்தான். காது கேட்காதவர்கள் ஏராளமாக இருக்கிற ராச்செஸ்டர் ஊரில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. கடைக்காரனிலிருந்து பஸ் ஓட்டுகிறவன் வரைக்கும் நாலு சைகையாவது தெரிந்து வைத்திருப்பார்கள். அழைப்பு மணி அடித்தால் ஒரு விளக்கு மின்னும், காலையில் எழுப்பத் தலையணைக்கடியில் ஒரு தட்டு நடுங்கும். "காது இல்லாம எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பாள். வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் மகள் காரின்தான். அவளும் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

லெனர்ட் போன மறுவருஷம், கொட்டுகிற பனியில் காரின் வந்து மணி அடித்தாள். விளக்கில் பல்பு போயிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் சாவியும் உதவவில்லை. பின்பக்கம் போய் ஜன்னலில் பனியுருண்டை எறிந்து எறிந்து கை மரத்துப்போன பிறகுதான் வெர்னா திரும்பிப் பார்த்தாள். உள்ளே வந்த காரின் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். "நீ செத்துக் கிடக்கறியோன்னு நினைச்சேன்மா. ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துடு. இல்ல, நாய் வாங்கு. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே சொல்லு."

"பிள்ளை வளர்த்து ஓய்ஞ்சுட்டேன்டி. இனிமே நாய்க்கு வேற பீ அள்ளணுமா?" என்று கேட்டாள் வெர்னா. மருமகன் வீட்டில் போய் இருப்பதை நினைத்துப் பார்த்தாள். நாயே பரவாயில்லை என்று தோன்றியது.

அப்படி வந்தவன்தான் ரேடிஷ். காது கேட்காதவர்களுக்காகவே நாய் பழக்குகிற மையம் ஒன்று தெருநாய்க் காப்பகத்திலிருந்து அவனை எடுத்துத் தயார் செய்திருந்தது. சத்தம் கேட்டால் வந்து காலால் தொடுவான், சத்தம் வருகிற இடத்துக்குக் கூட்டிப்போவான், ஒரு துண்டு பாலாடைக்கட்டி வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆனால் வந்த முதல் மாதமே வெர்னாவின் வீட்டை அவளுக்கே புதுசாக அறிமுகம் செய்துவைத்தான். கடிதப்பெட்டியின் மூடி சத்தம் போடும் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. துணி துவைக்கிற இயந்திரம் வேலை முடிந்ததும் கூப்பிடும் என்று தெரியாது. அடுத்த வீட்டுக்காரன் காரை எடுக்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பது அவளுக்கு விடைசொல்லத்தான் என்று தெரிந்த அன்றைக்கு, அந்த மனுஷனுக்கு ஒரு தட்டு பியரோகி போயிற்று. ராத்திரி ரேடிஷ் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்குவான். அந்தச் சின்னச் சூடு இல்லாவிட்டால் இப்போதெல்லாம் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. இதை அவள் காரினிடம் சொல்லவில்லை. சொன்னால் "நான்தான் சொன்னேன்ல" என்று ஒரு பேச்சு வரும்.

வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு வரும் சிநேகிதிகள் அவனுக்கு ஒரு சைகைப் பெயரும் வைத்தார்கள். காதோரம் இரண்டு விரலைப் பின்னிப் பிடித்து ஒரு மடக்கு. அப்படியொரு பெயரைக் காது கேட்காதவர்கள்தான் வைக்க முடியும், நாமாக வைத்துக்கொள்ள முடியாது. நாயைப் பழக்கிய டுவேன் காது கேட்கிறவன், பல வருஷமாகக் காத்திருக்கிறான், அவனுக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை. நாய்க்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்துவிட்டது.

இந்த அலமாரிக் கூத்து அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான். நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்து தொடுவான், கூட்டிப்போவான், அங்கே ஒன்றும் இருக்காது. முதலில் பாலாடைக்கட்டியைக் கொடுத்தாள். பிறகு, தீனிக்காக ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினாள். சிநேகிதி இர்மாவும் அதைத்தான் சொன்னாள். "என் ரெண்டாவது புருஷனும் இப்படித்தான்டி. சாப்பாடு வேணும்னா என்ன வேஷமும் போடுவான்." நாலு பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நடைபாதையில் நின்றிருந்த ரேடிஷ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

ஒரு கோபத்தில் வெர்னா டுவேனை வீடியோவில் கூப்பிட்டு, நாய் பொய் சொல்கிறது என்று சொல்லிவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மெதுவாக அவன் கையை அசைத்தான். "நான் வந்து பாக்கறேன். சரியா வேலை செய்யலன்னா மையத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். கவலைப்படாதீங்க, உங்களுக்கு வேற நாய் குடுக்கறோம்."

வேற நாயா! திரையை அணைத்த பிறகும் வெர்னா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று சொல்வார்களே, அவள் கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதைவிடக் கொடுமை, ரேடிஷ் அலமாரியை விட்டுவிட்டான். கூடவே மற்றதையும் விட்டுவிட்டான். அடுப்பு மணி, கடிதப்பெட்டி, எதற்கும் எழுந்திருக்கவில்லை. கம்பளத்தில் படுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பார்த்தான்.

டுவேன் வந்த அன்று விளக்கு மின்னியது. ரேடிஷ் அசையவில்லை. கதவைத் திறந்த வெர்னா அந்த நெடிய மனுஷனுக்கு வழிவிட்டு நின்றாள். உள்ளே வந்தவன் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. தலையைச் சாய்த்தான். கொஞ்சம் நின்றான். மறுபடி சாய்த்தான். பிறகு நேரே போய் அந்த அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் கையைவிட்டுத் துழாவி, ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வட்டமான வெள்ளைச் சாமான் ஒன்றை எடுத்தான். பழைய புகை எச்சரிக்கைக் கருவி. விளக்கு மின்னுகிற புதிய கருவியை மாட்டின அன்றைக்கு லெனர்ட் கழற்றி வைத்தது.

"பேட்டரி சாகப் போகுது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்துது," என்றான் டுவேன். "எத்தனை நாளா?"

வெர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வாரம்! மூன்று வாரமாக இந்த வீடு கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நாலு கிழவிகள் அதன் நடுவில் உட்கார்ந்து சீட்டு விளையாடி, உண்மை சொன்ன ஒரே ஜீவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். காரின் தினமும்தான் கூப்பிட்டாள். ஆனால் அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது ஒலியை அணைத்துவிடுவது அவளுக்கு எப்போதுமே பழக்கம்.

"அவன் பொய் சொல்லலயா?" என்று கேட்டாள்.

"அவன் சொன்னதுக்கு நீங்க திட்டினீங்க. அதான் இனிமே சொல்றதா வேணாமான்னு யோசிக்கறான்." டுவேன் உட்கார்ந்து ரேடிஷின் கழுத்தைச் சொறிந்தான். "சில நாய்ங்க திரும்ப வரும். சில நாய்ங்க வராது. ரெண்டு வாரம் தரேன். சத்தம் போட்டுப் பழக்க ஒரு ஆள் வேணும். பக்கத்து ரூம்லேருந்து உங்களை வாயால கூப்பிடணும். உங்க பொண்ணு உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

வெர்னா யோசித்தாள். "தரையைக் காலால தட்டுவா," என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து காரின் தினமும் வர ஆரம்பித்தாள். முன்னறையில் நின்றுகொண்டு கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்னடி?"

"வெக்கமா இருக்கும்மா. பேரு தெரியாத ஆளைக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"அம்மான்னு கூப்பிட என்னடி வெக்கம்? ஊர்ல எல்லாப் பிள்ளையும் கூப்பிடல?"

"நாலு வயசு வரைக்கும் நானும் கூப்பிட்டேன்," என்றாள் காரின். அவள் கைகள் கொஞ்சம் தயங்கின. "நீ பாத்திரம் கழுவிட்டே இருப்ப. முதுகு மட்டும்தான் தெரியும். அப்புறம் காலால தட்டக் கத்துக்கிட்டேன்."

இது வெர்னாவுக்குத் தெரியாத சேதி இல்லை. ஆனால் அந்த முதுகு தன்னுடையது என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மகளின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, "போ, போய்க் கத்து. தெருவே கேக்கட்டும்," என்றாள்.

காரின் கத்தத்தான் செய்தாள். வாய் திறந்து மூடுவது தெரிந்தது. ரேடிஷின் நிமிர்ந்த காது திரும்பும், அவன் எழுந்து பாதி தூரம் வருவான். வெர்னா ஆசையாகக் கையில் கட்டியை எடுப்பாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். "நடிக்கறேன்னு அவனுக்குத் தெரியுதும்மா," என்றாள் காரின். இப்படியே நாள் போயிற்று. ஒருநாள் வெர்னா தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, மார்பில் முஷ்டியை வட்டமாகச் சுற்றி, என்னை மன்னிச்சுடுடா என்று சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் முஷ்டியை நக்கினான். வேலைக்கு மட்டும் வரவில்லை.

டுவேன் மறுநாள் வருவதாக இருந்தது. அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். கடைசி நாளாக இருந்தால் நன்றாகச் சாப்பிடட்டும் என்று வெர்னா பியரோகிக்கு மாவு பிசைந்தாள். ரேடிஷுக்கும் இரண்டு உண்டு, வெங்காயம் போடாமல். அடித்தளத்தில் ஊறவைத்த முட்டைக்கோஸ் ஜாடி இருந்தது. அதை எடுத்துவரக் காரின் இறங்கிப் போனாள். வெர்னா மாவைத் தேய்த்துக்கொண்டே, அவனுடைய கிண்ணத்தையும் படுக்கையையும் கொடுத்தனுப்ப வேண்டியிருக்குமா என்று யோசித்தாள். படுக்கையைக் கொடுக்கமாட்டேன், டுவேன் என்ன செய்துவிடுவான் பார்ப்போம், என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

முழங்காலில் இரண்டு முன்னங்கால்கள் வந்து விழுந்தன.

அவள் அப்படியே நின்றாள். மாவு கேட்க வந்திருப்பானோ? தீனிக்காகவா? அடுப்பில் ஒன்றும் இல்லை, வாசல் விளக்கு மின்னவில்லை. பொய் என்று சொல்லப் பழகின விரலை மடக்கிக்கொண்டாள். "எங்கடா?" என்று கேட்டாள்.

அவன் ஓடினான். அலமாரியைத் தாண்டி, அடித்தளப் படிக்கட்டின் தலைமாட்டில் போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் வந்ததும் படியிறங்கினான். வெர்னா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

கடைசிப் படியில் காரின் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் லெனர்டின் கட்டம்போட்ட மீன்பிடிச் சட்டை. ஜாடிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அது, இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை. தோள் குலுங்குவது தெரிந்தது. வெர்னா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு போய்த் தோளைத் தொட்டாள்.

காரின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நீ எப்படி வந்த?"

"கூப்பிட்டியா?"

"இல்லியே." காரின் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். நாயைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாக எழுந்தது. "கூப்பிடலம்மா. சும்மா, அம்மான்னு வாய்ல வந்துடுச்சு."

வெர்னா அந்தக் குறுகலான படியில் மகளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இடம் இல்லாத இடத்தில் ரேடிஷ் மூக்கை நுழைத்துக்கொண்டு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, தன் கூலிக்காகக் காத்திருந்தான். வெர்னா மாவுக் கையை மேலங்கிப் பைக்குள் விட்டாள். பாலாடைக்கட்டி முழுவதையும் மேஜைமேல் விட்டு வந்திருந்தாள். வெறுங்கையை எடுத்து அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். அவன் முகர்ந்து பார்த்தான், அவளை அண்ணாந்து பார்த்தான், பிறகு விரல்களில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக நக்க ஆரம்பித்தான்.