ராஜாவின் ஈயம்

ராஜாவின் மூக்கு கெசையாவின் பங்குக்கு வந்தது. மேலுதட்டில் பாதியும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வரி மேல் வரி போட்ட இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியே வேண்டாமென்று நியூயார்க் நகரத்து ஜனங்கள் இழுத்துத் தள்ளிய சிலை அது. குதிரையையும் ராஜாவையும் கோடாலியால் துண்டுபோட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி, கனெக்டிகட் மலைமேல் இருக்கும் இந்த ஊர்வரை கொண்டுவந்திருந்தார்கள். மேலே தங்கப் பூச்சு, உள்ளே முழுக்க ஈயம். ஊர்ப் படையின் கேப்டன் வீட்டுப் பின்னாலிருந்த ஆப்பிள் தோட்டத்தில் அடுப்பு மூட்டி, ஊர்ப் பெண்கள் அதை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோந்து பாரு கெசையா, வரி வாசனை அடிக்குதா?" என்றாள் பக்கத்து அடுப்பருகே இருந்த மெர்சி. எல்லோரும் சிரித்தார்கள். கெசையா சிரிக்கவில்லை. மூக்கைக் கொப்பரையில் போட்டாள். அது முதலில் வியர்த்து, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து, கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன வருஷம் பாஸ்டன் பக்கத்துக் குன்றில் நடந்த சண்டையில் அவளுடைய மூத்தவன் ஏனோஸ் செத்துப்போனான். வெடிமருந்தும் குண்டும் தீர்ந்த பிறகு, வெறும் துப்பாக்கியைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு நின்றவனை ராஜாவின் சிப்பாய்கள் துப்பாக்கி முனைக்கத்தியால் குத்தினார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது ஒரு பேச்சு. அடுத்த பண்ணை டிசயரின் ஒரே மகன் ஜாரெட், சாராயக்கடையில் நாலு பேர் நடுவே, "குண்டே இல்லாம சண்டைக்குப் போனானாம், துடைப்பத்த எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று சொன்னான். சொன்ன மாதமே ராஜாவின் படையில் போய்ச் சேர்ந்துவிட்டான். பேச்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. கூட்டும்போதெல்லாம் கெசையாவின் கையில் துடைப்பம் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் நேராக டிசயர் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்குக் குண்டு வார்க்க வா."

"மாவு அரைக்கப் போகணும், கெசையா."

"வரலன்னா ஏன் வரலன்னு, ராஜா ஆளுங்களத் தேடற கமிட்டி கேக்கும். மகன் அந்தப் பக்கம், அம்மா எந்தப் பக்கம்னு கேக்கும். அந்தக் கேள்வி வந்த வீட்டுல அப்புறம் ஆடு மாடு தங்குனதில்ல."

டிசயர் வந்தாள். அவளைத் தன் அடுப்பருகிலேயே நிறுத்திக்கொண்டாள் கெசையா. குண்டு அச்சு பாக்குவெட்டி மாதிரி இருக்கும். பிடியை இறுக்கி, மேலிருக்கும் துளையில் ஈயத்தை ஊற்றி, ஒரு மூச்சு விட்டுத் திறந்தால் குண்டு உருண்டு விழும். டிசயர் தலை நிமிராமல் வேலை செய்தாள். மத்தியானம் அவள் கூடையிலிருந்து ஒரு குண்டை எடுத்துப் பார்த்தாள் கெசையா. தோல் சுருங்கியிருந்தது. கத்தியால் பிளந்தாள். உள்ளே ஓட்டை. இன்னொன்று, அதிலும் ஓட்டை. இப்படிப்பட்ட குண்டு குறியை விட்டு விலகி எங்கேயாவது புல்லில் போய் விழும்.

"அச்சு சூடாகல."

"ஆகும்."

"காலையிலேர்ந்து ஆகலையே. காலமெல்லாம் ரொட்டி சுட்டவ நீ. சூடு தெரியாதா உனக்கு?"

டிசயர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எம் புள்ள அங்க நிக்கிறான், கெசையா."

"எம் புள்ளயும்தான் நின்னான்."

கேப்டன் கூப்பிடு தூரத்தில் பீப்பாய்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அந்தச் சத்தம் கெசையாவின் நாக்கில் தேனாக நின்றது. ஆனால் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். பண்ணை போகும், டிசயர் எந்த ஊரிலாவது அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொள்வாள், பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். கெசையாவுக்கு அது போதாது. அவள் ஓட்டைக் குண்டுகளையெல்லாம் திரும்பக் கொப்பரையில் கொட்டினாள். அச்சின் நுனியைக் கொதிக்கிற ஈயத்திலேயே முக்கிச் சூடேற்றினாள். பிறகு அதைத் தானே இறுக்கிப் பிடித்து டிசயரின் முன்னால் நீட்டினாள்.

"ஊத்து."

டிசயர் கரண்டியை எடுத்தாள். குனிந்தபோது நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு கரண்டியில் விழ, ஈயம் வெடித்துத் தெறித்தது. கெசையாவின் புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் வெந்தது. அவள் அச்சை விடவில்லை.

"ஊத்து டிசயர்."

சாயங்காலம்வரை ஊற்றினாள். முதலில் தயங்கிய கை, போகப்போகத் தயங்குவதை மறந்தது. வேலைக்குப் பழகிய கை அது. நல்ல வேலை எப்படியென்று அதற்குத்தான் தெரியும். கூடை நிறைந்தபோது ஒரு குண்டிலும் சுருக்கம் இல்லை. டிசயர் தன் கையைத் தானே யாருடையதோபோலப் பார்த்தாள். அதைக் கெசையா பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

இலை உதிர்ந்து முடிந்த பிறகு, கையில் கட்டோடு ஊர்ப் படையிலிருந்து திரும்பினான் சேத். இருவர் வீட்டையும் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். நியூயார்க்குக்கு வடக்கே நடந்த சண்டையில், ஒரு கல்சுவர் ஓரமாக ஜாரெட் கிடந்ததைப் பார்த்தேன் என்றான். கழுத்தில் குண்டு. "நான் பாக்கும்போது உசிரு இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

கெசையா கோயிலுக்குப் போகும் தொப்பியைக் கட்டிக்கொண்டு டிசயர் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார்செய்தாள். ஜாரெட்டின் உயிர் உடனே போகவில்லை. ஒரு பகல் முழுக்க, தண்ணீர் கேட்டுக்கொண்டே, அம்மா பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தான். நடக்க நடக்க அந்தப் பொய்க்குக் கையும் காலும் முளைத்தன. வேலி தாண்டும்போது அவளுக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

டிசயர் ஓடையில் படுக்கைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். குளிரில் முழங்கைவரை சிவந்திருந்தது. தொப்பியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சேத் இங்கயும் வந்துட்டுப் போனான்," என்றாள். "கழுத்துலன்னான். அதுக்கு மேல கேக்கறதுக்குள்ள ஓடிட்டான்."

கெசையா ஓடைக் கரைக்கு இறங்கி வந்தாள்.

"உங்கிட்ட எல்லாம் சொல்லியிருப்பான். உடனேயா போனான்? இல்ல, கிடந்தானா?"

கேட்டுவிட்டு, ஈரத் துணியின் ஒரு முனையை நீட்டினாள். ஒற்றை ஆள் பிழிய முடியாத பெரிய துணி. கெசையாவின் கை தானாகப் போய் முனையை வாங்கிக்கொண்டது. அவள் ஒரு பக்கம் முறுக்கினாள், டிசயர் எதிர்ப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. டிசயர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியில் இனி ஒரு சொட்டும் இல்லை. இரண்டு பேரும் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.