வேர்னனின் சீவுளி அலகு

ஞாயிறுதோறும் மெல்பேர்னில் மனைவி அன்ட்றியாவோடு இருக்கும் மகன் அஷ்லி போனில் கேட்பான்: "டடி, எப்ப வாறீங்க?"

"இந்த அலகு முடியட்டும் மகன்."

புளியந்தீவுத் தச்சர் வேர்னன் பதினொரு வருடமாக இந்தப் பகிடியைச் சொல்லித்தான் தப்பிக்கொண்டிருந்தார். அலகு என்றது மரம் சீவும் அவருடைய சீவுளியின் அலகை. இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், வில்மோர் கொம்பனி அடித்த உருக்கு. அது தேய்ந்து முடிவதற்குள் மெல்பேர்னே கடலுக்குள் போய்விடும் என்று மனைவி குவெண்டலினிடம் சொல்லிச் சிரிப்பார். குவெண்டலின் செத்து ஆறு வருடம். கூடச் சிரிக்க ஆளில்லையே தவிர, பகிடி பழுதாகாமல் கிடந்தது.

இந்த மாசியில் அலகு முடிந்துவிட்டது. திருகாணி பிடிக்க இடமில்லாத அளவுக்குக் குட்டை.

அலகு வந்த பெட்டிக்குள் கிடந்த மஞ்சள் கடதாசித் துண்டில் 'ஆயுள் உத்தரவாதம்' என்றிருந்தது. யாருடைய ஆயுள் என்று கொம்பனி சொல்லவில்லை. வேர்னன் மூன்று நாள் மினக்கெட்டு புது அலகு கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். இரண்டரை மாதத்தில் உறை வந்தது, மேலே அவருடைய கையெழுத்தோடேயே. திறக்காமல் திருப்பியிருந்தார்கள்.

அலகை எடுத்துக்கொண்டு காத்தான்குடியில் மஜீட்டின் ஹாட்வெயார் கடைக்குப் போனார். மஜீட் போனைத் தட்டிப் பார்த்தான்.

"வேர்னன் அண்ணன், வில்மோர மூடிப் பதினேழு வருஷமாம். அந்த இடத்துல மாடி வீடு கட்டி வித்துட்டாங்க. பேரை மட்டும் ஆரோ வாங்கி வேற நாட்டுல அடிக்கிறாங்க. இந்தா, புது அலகு, அதே பேர், அதே பெட்டி."

"அப்ப செத்த வீட்டுக்குக் கலியாணக் காட் அனுப்பியிருக்கன்."

சிரித்துக்கொண்டே பழைய அலகைத் திருப்பிப் பார்த்த மஜீட்டுக்குச் சிரிப்பு நின்றது.

"போன வருஷம் எத்தின கதவு செஞ்சீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு கதவுக்கா இவ்வளவு? இது மரம் திண்ட தேய்வு இல்ல அண்ணன். தீட்டித் தீட்டியே முடிச்சிருக்கீங்க."

வேர்னன் பெயின்ட் வாளிகளை அக்கறையாகப் பார்த்தார். வேலை இல்லாத காலைகளிலும் எண்ணெய்க் கல்லில் அலகைத் தேய்ப்பார். அந்தச் சத்தம் இருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். இதை ஹாட்வெயார் கடையில் நின்று எப்படிச் சொல்வது?

"கண் தெரியல்ல தம்பி. கூடத் தீட்டிட்டன்."

புது அலகை வாங்கவில்லை. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. பஸ்ஸில் வரும்போதே மெல்பேர்ன் குளிருக்கு எந்தக் கால்சட்டை என்று யோசித்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் எழும்பினால் 'குட் மோர்னிங்' சொல்ல ஆள் இருக்கும் என்று நினைத்தபோது, வெட்கங்கெட்ட ஒரு சந்தோசம்.

ஞாயிறு அஷ்லி கோல் எடுத்தான்.

"டடி, எப்ப வாறீங்க?"

"அலகு முடிஞ்சுது மகன்."

லைன் அறுந்துவிட்டதென்று வேர்னன் இரண்டு தரம் ஹலோ சொன்னார்.

"உண்மையாவா டடி? இல்ல... அன்ட்றியாட அம்மா இப்ப எங்களோடதான். மற்ற அறை பிள்ளைக்கு. ஒரு வருஷம் போனா... வேணாமெண்டு சொல்லல்ல டடி..."

இத்தனை வருடமாக அந்தப் பகிடி தன்னை மட்டுமல்ல, பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது என்று வேர்னனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"டேய், முழுசையும் கேளன். பழசு முடிஞ்சுது. கொம்பனிக்கு எழுதினன், புதுசு அனுப்பிட்டாங்கள். காசில்லாம!"

அஷ்லி விட்ட மூச்சு மெல்பேர்னிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"நல்ல கொம்பனி டடி. இது எத்தின வருஷத்துக்குத் தாங்கும்?"

வேர்னனுக்கு வயது எழுபத்துநாலு. கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு இருபது வருஷத்துக்கு நீ பயப்படத் தேவையில்ல மகன்."